பூட்டும் நோன்பும்: சொற்கள் யாரோடு சேர்கின்றன?

(பேகம்பூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'நோன்பு' என்ற ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். பேகம்பூரில் ரமலான் மாதத்தில் இந்தச் சொல் எந்த வினைகளோடு புழங்குகிறது என்று கேட்டால், இங்குள்ள சிறு பிள்ளைகூடச் சொல்லிவிடும். நோன்பு வைக்கிறார்கள். அந்திப் பொழுதில் நோன்பு திறக்கிறார்கள். பயணத்தாலோ நோயாலோ விடுபட்ட நோன்பைப் பிறகு களாச் செய்கிறார்கள். இந்த நோன்போடு ஒட்டிக்கொண்டு வரும் பெயர்கள் கஞ்சியும் பெருநாளும். இதே திண்டுக்கல்லில் நாலு தெரு தள்ளிப் போனால் நோன்பின் சுற்றம் வேறு. அங்கே காரடையான் நோன்பு, வரலட்சுமி நோன்பு, பாவை நோன்பு என்று அதற்கு முன்னால் அடைமொழி வருகிறது. அந்த நோன்பை நோற்கிறார்கள், சில வீடுகளில் கும்பிடுகிறார்கள், திறப்பதில்லை. அதனோடு சேர்ந்து வருபவை அடையும் சரடும். கத்தோலிக்கக் குடும்பங்களில் தவக்காலத்தில் 'ஒருசந்தி இருத்தல்' என்ற சொல் நோன்பின் வேலையைப் பகிர்ந்துகொள்கிறது. சீர்திருத்தச் சபையாரிடம் போனால் 'உபவாசம்' வந்துவிடுகிறது, அதன் பக்கத்திலேயே 'ஜெபம்' நிற்கிறது. அகராதியைப் புரட்டினால் 'நோன்பு' என்பதற்கு 'விரதம்' என்று ஒற்றைச் சொல்லில் பொருள் கிடைக்கும். அதில் தவறில்லை. ஆனால் தமிழைப் புதிதாகக் கற்கும் ஒருவர் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் எழுதிவிட முடியாது. விரதம் இருக்கலாம், மேற்கொள்ளலாம், முடிக்கலாம். ஆனால் 'விரதம் திறந்தேன்' என்று யாரும் சொல்வதில்லை. பொருள் ஒன்றாக இருந்தும் பழகும் ஆட்கள் வேறு. இப்படி ஒரு சொல் வழக்கமாகச் சேரும் சொற்களை மொழியியலார் சொற்சேர்க்கை என்கிறார்கள். எழுத்திலும் பேச்சிலும் உண்மையில் வந்த வாக்கியங்களைக் கணினியில் திரட்டி வைத்த பெருந்தொகுப்புக்குத் தரவகம் என்று பெயர். சொற்சேர்க்கையைத் தரவகத்தில் எப்படித் தேடுவது, தேடிக் கிடைத்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்பதே இன்றைய பேச்சு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணாமல் சொற்சேர்க்கையை முழுதாக அறிய முடியாது. ஆனால் யாருடைய எழுத்தை எண்ணினோம் என்று தெரியாதவரை அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது.

இந்தச் சிந்தனை மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று நினைப்பவர்கள் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைத் திறந்து பார்க்க வேண்டும். கிளவியாக்கத்தில் ஒரு விதி இருக்கிறது. பல வேறு வினைகளுக்கு உரிய பொருள்களை ஒரே பொதுப்பெயரால் சொல்லும்போது, அவற்றில் ஒன்றுக்கு மட்டும் உரிய வினையைக் கொடுக்கக் கூடாது என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் அதற்குத் தரும் காட்டுகள் இன்றைய சொற்சேர்க்கை அகராதியில் அப்படியே வைக்கத் தக்கவை. அடிசில் என்பதில் தின்பதும் உண்டு, பருகுவதும் உண்டு. ஆகவே 'அடிசில் தின்றார்' என்னாமல் 'அயின்றார்' என்ற பொது வினையைச் சொல்ல வேண்டும். இயம் என்பதில் கொட்டும் கருவியும் ஊதும் கருவியும் அடக்கம். எனவே 'இயம் ஊதினார்' என்பது வழு, 'இயம்பினார்' என்பது வழக்கு. மரபு வழுவுக்குச் சொல்லப்படும் காட்டு இன்னும் சுவையானது. யானையை மேய்ப்பவன் பாகன், ஆட்டை மேய்ப்பவன் இடையன். இதை மாற்றி ஆட்டுக்குப் பாகன் என்றோ யானைக்கு இடையன் என்றோ சொன்னால் இலக்கணத்தில் எழுவாய் பயனிலை எதுவும் கெடவில்லை, பொருளும் புரிகிறது. ஆனாலும் தமிழ் கெட்டுவிட்டது. மரபியலில் விலங்கு, பறவை, மரம் இவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பறழ், குட்டி, கன்று என ஒன்பது பெயர்களைத் தொல்காப்பியர் தொகுத்து, எது எதற்கு உரியது என்று பங்கு பிரிக்கிறாரே, அதுவும் இதே வேலைதான்.

இருபதாம் நூற்றாண்டில் இதைத் தனிக் கொள்கையாக்கியவர் லண்டன் கீழை, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் பேராசிரியராக இருந்த ஜே. ஆர். ஃபிர்த். ஒரு சொல்லின் பொருளில் ஒரு பகுதி அது பழகும் சொற்களிலிருந்து வருகிறது என்பது அவர் நிலை. அவர் லாகூரில் ஆங்கிலம் கற்பித்தவர். ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலின் திருத்திய பதிப்புக்கு 1934இல் தமிழ் உச்சரிப்பு பற்றிய பின்னிணைப்பு எழுதியவரும் அவர்தான். தமிழைக் காதால் கேட்டு ஆராய்ந்த ஒருவரிடமிருந்து இந்தக் கொள்கை வந்தது என்பதற்கு மேல் அதில் எதையும் ஏற்றிச் சொல்ல நான் விரும்பவில்லை. தொல்காப்பியத்தை அவர் படித்துத்தான் சொன்னார் என்று மேடையில் கைதட்டல் வாங்குவது எளிது, ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டும். உரையாசிரியர்களுக்கும் இன்றைய ஆய்வாளருக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்பதே பயன் தரும். அவர்களுடைய தரவகம் நெஞ்சில் இருந்தது. ஆயிரக்கணக்கான பாடல்களை மனப்பாடமாக வைத்திருந்து அதிலிருந்து வழக்கு இது, வழு இது என்றார்கள். நமக்கு அந்த நெஞ்சும் இல்லை, அந்த எல்லைக்குள் நிற்கும் மொழியும் இல்லை. பேச்சு, நாளிதழ், அரசாணை, திரைப்படம், கைப்பேசிக் குறுஞ்செய்தி என்று பரந்து கிடக்கும் தமிழை எந்தத் தனிமனிதராலும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது.

ஆகவே அடைவு வேண்டும். வ. அய். சுப்பிரமணியம் புறநானூற்றுக்குத் தொகுத்த சொல்லடைவு 1962இல் கேரளப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஒரு சொல் எந்தப் பாட்டில் எந்த அடியில் வருகிறது என்பதை அதில் பார்க்கலாம். தாமஸ் லேமனும் தாமஸ் மால்டனும் கணினியின் துணையோடு சங்க இலக்கியம் முழுவதற்கும் 1990களின் தொடக்கத்தில் அடைவு கொண்டுவந்தார்கள். நமக்குப் பக்கத்து மதுரையில், அமெரிக்கன் கல்லூரியில் பணியாற்றிய ப. பாண்டியராஜா சங்க நூல்களுக்கும் பிற்கால இலக்கியங்களுக்கும் இணையத்தில் தொடரடைவு அமைத்து, யார் வேண்டுமானாலும் தேடலாம் என்று திறந்து வைத்திருக்கிறார். தொடரடைவு என்பது சொல்லோடு அது வரும் அடியையும் சேர்த்துத் தருவது. இக்காலத் தமிழுக்கு வந்தால், மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1990களில் ஒரு மொழிக்குச் சுமார் 30 லட்சம் சொற்கள் என்ற அளவை முன்வைத்துத் தமிழ் உட்படப் பல மொழிகளுக்குத் தரவகம் உருவாக்கத் தொடங்கியது. 1992இல் வெளியான க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இக்கால எழுத்தில் இருந்து எடுத்த வாக்கியங்களின் மேல் நின்று பொருள் சொன்னது. அதற்கு 2008இலும் 2020இலும் விரிந்த பதிப்புகள் வந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, 1939இல் பிற்சேர்க்கையும் பெற்றது. அதன் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் ஒரு சொல் என்ன பொருள் தரும் என்பதையே அது முதன்மையாகச் சொன்னது. அந்தச் சொல்லை வைத்து இன்று எப்படி எழுதுவது என்பதை முதன்மைக் கேள்வியாக்கியது க்ரியா. ஆங்கிலத்தில் இதே திருப்பத்தை ஜான் சின்க்ளேர் தலைமையில் பர்மிங்ஹாமில் உருவாகி 1987இல் வந்த கோபில்ட் அகராதி செய்தது.

இனி எண்ணுவது எப்படி என்று பார்ப்போம். தேடும் சொல்லை வரியின் நடுவில் நிறுத்தி, அதற்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் நான்கைந்து சொற்களோடு அது வந்த எல்லா வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது முதல் படி. பக்கத்தில் வரும் சொற்களை எண்ணினால் பட்டியலின் தலையில் 'ஒரு', 'என்று', 'இந்த' ஆகியவையே உட்கார்ந்திருக்கும். அவை எல்லாச் சொல்லோடும் வருபவை, ஆகவே எதைப் பற்றியும் எதுவும் சொல்லாதவை. அதனால் 'எத்தனை முறை சேர்ந்து வந்தன' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'தற்செயலாகச் சேர்ந்திருக்கக்கூடிய அளவைவிட எத்தனை மடங்கு அதிகமாகச் சேர்ந்தன' என்று கேட்கிறோம். விளங்குவதற்காகச் சில எண்களைக் கற்பித்துக்கொள்வோம். 10 லட்சம் சொற்கள் உள்ள தொகுப்பில் 'நோன்பு' 1,000 முறையும் 'திற' 500 முறையும் வருவதாகவும், இரண்டும் அடுத்தடுத்து 40 முறை வருவதாகவும் வைத்துக்கொள்வோம். சொற்களைக் கண்ணை மூடிக்கொண்டு கொட்டியிருந்தால் அவை அப்படி அரை முறைதான் சந்தித்திருக்கும். 40 என்பது அதைப்போல 80 மடங்கு. இந்த மடங்கை இரண்டின் அடுக்காகச் சொன்னால் 6.3 என்று வரும். கென்னத் சர்ச்சும் பேட்ரிக் ஹாங்க்ஸும் 1990இல் அகராதித் துறைக்குள் கொண்டுவந்த 'மியூச்சுவல் இன்ஃபர்மேஷன்' அளவு இதுவே. இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அதே தொகுப்பில் ஒரே ஒரு முறை வரும் ஓர் அச்சுப்பிழை, ஒரே ஒரு முறை வரும் இன்னொரு அச்சுப்பிழைக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டால் மடங்கு 10 லட்சம், அளவு ஏறக்குறைய 20. நோன்பு திறப்பதைவிட இரண்டு அச்சுப்பிழைகள் நெருங்கிய உறவினர் ஆகிவிடும்! அதனால் எத்தனை முறை பார்த்தோம் என்பதற்கும் எடை தரும் வேறு அளவை, டி மதிப்பு என்பதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். நம் எடுத்துக்காட்டில் நோன்பு–திற இணைக்கு அது 6.2, பிழை இணைக்கு 1. எந்த அளவை எடுத்தாலும் அது வரிசைப்படுத்தித் தரும். வரிசையில் மேலே இருப்பதாலேயே ஒன்று மொழியின் உண்மை ஆகிவிடாது.

ஆங்கிலத்துக்குச் செய்த இந்தக் கருவிகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் கருவி தடுமாறும். ஆங்கிலத்தில் இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே இருப்பது ஏறக்குறைய ஒரு சொல். தமிழில் அப்படி இல்லை. திண்டுக்கல்லுக்கு உரிய பூட்டையே எடுத்துக்கொள்வோம். பூட்டு, பூட்டை, பூட்டின், பூட்டுக்கு, பூட்டினார், பூட்டிய, பூட்டப்பட்ட என்று விரிவதோடு நிற்காது. சந்தி மிகும்போது 'பூட்டுப்', 'பூட்டைக்', 'பூட்டைத்', 'பூட்டைப்' என்று ஒவ்வொன்றும் கணினிக்குத் தனிச் சொல் ஆகிவிடும். 'நோன்பிருந்தார்' என்று சேர்த்து எழுதினால் நோன்பும் இருத்தலும் சந்தித்ததாகவே கணினிக்குத் தெரியாது. பிரித்து எழுதும் பத்திரிகையில் அந்தச் சேர்க்கை இருக்கும், சேர்த்து எழுதும் பத்திரிகையில் காணாமல் போகும். விபத்துக்குள்ளானது, பழிவாங்கினார் என்று மிக இறுகிய சேர்க்கைகளையே நாம் ஒட்டி எழுதுகிறோம். அதாவது உறவு எங்கே மிக நெருக்கமோ அங்கேதான் எண்ணிக்கை சுழியாகிறது. ஆகவே சொற்களைப் பகுத்து, விகுதியையும் சந்தியையும் கழற்றி, வேரோடு சேர்த்து எண்ண வேண்டும் என்பது வெளிப்படை. அப்படிச் செய்யும்போது 'பூட்டி' என்ற வடிவத்தில் கணினி திகைக்கும். அது கதவைப் பூட்டிவிட்டுப் போனதா, பாட்டிக்குத் தாயான பூட்டியா என்பதைச் சுற்றியுள்ள சொற்களைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். சொற்சேர்க்கையைக் கண்டுபிடிக்கச் சொல்லைப் பகுக்க வேண்டும், சொல்லைப் பகுக்கச் சொற்சேர்க்கை வேண்டும் என்ற இந்தச் சுழலில் இருந்து முழுதாக யாரும் தப்பியதில்லை.

வேரோடு சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. வடிவங்களுக்கும் தனித்தனிச் சுற்றம் உண்டு. குழந்தைக்குக் 'கண் பட்டுவிட்டது' என்கிறோம். 'கண்கள் பட்டுவிட்டன' என்று எந்தத் தாயும் சுற்றிப் போட்டதில்லை. ஒருமையில் உள்ள அந்தக் கண் பார்வையைக் குறிக்கவில்லை, திருஷ்டியைக் குறிக்கிறது. 'கண்கள் கலங்கின' என்பதில் உள்ளதோ முகத்தில் உள்ள கண். ஒருமையும் பன்மையும் ஒன்றுதானே என்று கணக்கை எளிதாக்கப் போனால் மொழி கவனமாகப் பிரித்து வைத்திருந்ததை நாம் கலந்துவிடுவோம். எனவே இரண்டு கணக்கும் வேண்டும், வடிவம் வடிவமாக ஒன்று, வேரோடு சேர்த்து மற்றொன்று. தொலைவும் ஒரு சிக்கல். இருபக்கமும் நான்கு சொல் என்பது ஆங்கிலத்தில் பழகிவிட்ட எல்லை. தமிழில் வினை கடைசியில் வந்து உட்காரும். 'பூட்டு ஒன்றைப் பெரிய கடைவீதியில் பேரம் பேசி வாங்கி வந்து அன்றைக்கே கொல்லைக் கதவுக்குப் போட்டார்' என்ற வாக்கியத்தில் பூட்டுக்கும் போட்டதற்கும் நடுவே பத்துச் சொல் இருக்கிறது. பெயருக்கு வலப்பக்கமும் வினைக்கு இடப்பக்கமும் எல்லையை நீட்டாமல் தமிழில் வலை வீசினால் பெரிய மீன்கள் எல்லாம் வெளியே நிற்கும்.

சரி, எண்ணி முடித்துவிட்டோம், பட்டியல் கையில் இருக்கிறது. அதை என்ன செய்வது? பூட்டு என்பதன் சுற்றத்தைப் பார்த்தால் அது கும்பல் கும்பலாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். கதவு, கடை, பீரோ, சாவி ஒரு பக்கம். ஏர், மாடு, வண்டி இன்னொரு பக்கம். சித்திரையில் நல்லேர் பூட்டுவது இந்தக் கும்பலைச் சேர்ந்தது. வில்லும் நாணும் ஒரு பக்கம். கையும் விலங்கும் ஒரு பக்கம். மணமேடையில் தாலி கட்டுவதைத் திருப்பூட்டு என்கிறார்களே, அதுவும் நகை பூட்டுவதும் ஒரு பக்கம். சூரியனுடைய தேரில் குதிரைகள் பூட்டப்பட்டிருப்பது ஏரோடு போய்ச் சேரும். இப்படி ஒவ்வொரு கும்பலும் அகராதியில் ஒரு பொருள் எண்ணாக இறங்கும். அகராதிக்காரர் தன் மேசையில் உட்கார்ந்து பொருளைப் பிரிக்க வேண்டியதில்லை, சொல்லின் சுற்றமே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. இந்தக் கும்பல்களை எல்லாம் மறுபடி ஒரே பார்வையில் வைத்தால், பூண் என்பதன் பிறவினை பூட்டு என்று இலக்கணம் சொல்வது ஏன் என்பதும் விளங்கும். ஒன்றோடு ஒன்றை மாட்டி இறுக்குவதே இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. இரும்புப் பூட்டு அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை, அவ்வளவுதான். மாங்காய்ப் பூட்டும் 2019இல் கிடைத்த புவிசார் குறியீடுமாகச் சேர்ந்து இந்த ஊரில் அந்தப் பிள்ளையை மூத்த பிள்ளை ஆக்கிவிட்டன.

இதே பூட்டை நாளிதழ்களில் மட்டும் தேடிப் பாருங்கள். 'வீட்டின் பூட்டை உடைத்து' என்று தொடங்கி, நகை, பவுன், மர்ம நபர்கள் என்று முடியும் வரிகள் குவியும். நாளிதழ்த் தமிழை மட்டும் படித்துத் தமிழ் கற்ற ஒருவர், பூட்டு என்பது உடைப்பதற்காகவே செய்யப்படும் பொருள் என்று முடிவு கட்டினாலும் குறை சொல்ல முடியாது. பூட்டு உடைபடாத லட்சக்கணக்கான இரவுகள் செய்தி ஆவதில்லை. இந்த ஊரின் தோல் தொழிலுக்கும் இதே கதிதான். தோல் தொழிற்சாலை என்ற சொல்லைச் செய்திகளில் தேடினால் கழிவுநீரும் நிலத்தடி நீரும் அதன் நிரந்தரத் துணையாக வந்து நிற்கும். அந்தப் பிரச்சினை மெய், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பதனிடுவோர் பேச்சில் தோலின் பக்கத்தில் வருபவை உப்பும் சுண்ணாம்பும் பதமும் விலையும். சொற்சேர்க்கைப் பட்டியலைக் காட்டி 'தமிழர் மனத்தில் பூட்டு இப்படி, தோல் இப்படி' என்று எழுதும் ஆய்வுக் கட்டுரைகள் முதலில் சொல்ல வேண்டியது, அவர்கள் எண்ணியது தமிழர் மனத்தையா குற்றச் செய்திப் பக்கத்தையா என்பதைத்தான்.

சொற்சேர்க்கை இன்னொரு நுட்பத்தையும் காட்டும். 'ஆளாதல்' என்ற வினை எதோடு வருகிறது? விமர்சனத்துக்கு ஆளானார், துன்பத்துக்கு ஆளானார், கேலிக்கு ஆளானார். 'பாராட்டுக்கு ஆளானார்' என்று எழுதினால் ஏதோ இடறுகிறது. 'உள்ளாதல்' என்பதற்கும் இதே முகம். இப்படி வழக்கமான கூட்டாளிகளின் நிறம் ஒரு சொல்லில் ஊறிப்போவதை சின்க்ளேரும் பில் லோவும் ஆங்கிலத்தில் விளக்கியிருக்கிறார்கள். அகராதியில் இதற்கென்று இடம் கிடையாது, ஆனால் எழுதுகிறவருக்கு இது தெரியாமல் ஆகாது. இங்கேயும் அவசரம் கூடாது. பக்தி இலக்கியத்தையும் ஆன்மிக எழுத்தையும் தரவகத்தில் சேர்த்தால் 'அருளுக்கு ஆளானார்', 'அன்புக்கு ஆளானார்' என்ற வரிகள் வரும். அங்கே ஆள் என்பது ஆண்டவனுடைய ஆள், அடிமை. ஆட்கொள்ளுதலோடு உறவு கொண்ட அந்த ஆளாதல் பெருமைக்கு உரியது. ஆகவே ஆளாதல் என்ற சொல்லே கெட்ட சகவாசம் உடையது என்பது அரை உண்மை. இக்கால உரைநடையில், அதிலும் செய்தியில், அது அப்படி ஆகியிருக்கிறது. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

விளக்கம் சொல்வதில் உள்ள ஆபத்துக்கு நோன்பு திறத்தலே நல்ல சான்று. உருதுவில் 'ரோஜா ரக்னா' என்கிறார்கள், ரக்னா என்றால் வைத்தல். 'ரோஜா கோல்னா' என்கிறார்கள், கோல்னா என்றால் திறத்தல். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரைத் தாங்கிய ஊர் இது, இங்கே உருதுவும் தமிழும் ஒரே தெருவில் கேட்கும். வைத்தலும் திறத்தலும் உருதுவைப் பார்த்துத் தமிழில் பிறந்தவை என்று முடித்துவிடலாமா? பட்டியல் அப்படித்தான் தூண்டுகிறது. ஆனால் மலையாளத்தைப் பாருங்கள். மாப்பிளை முஸ்லிம்களும் 'நோம்பு துற' என்கிறார்கள். அவர்களுடைய வீட்டு மொழி உருது அல்ல. அப்படியானால் இந்தத் திறத்தல் உருது பேசாத கடலோர முஸ்லிம்களிடையே முன்பே இருந்ததா, இரு வழிகளில் தனித்தனியே வந்ததா, பகல் முழுதும் மூடிய வாயைத் திறப்பதால் இயல்பாகவே அமைந்ததா? இதைத் தீர்க்க ஆண்டு குறித்த பழைய இஸ்லாமியத் தமிழ் எழுத்து வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் வட்டாரங்களின் நூல்களும் அரபுத்தமிழ் ஏடுகளும் தரவகத்துக்குள் வர வேண்டும். அதுவரை சேர்க்கை இருக்கிறது என்பது மட்டுமே கண்டுபிடிப்பு, காரணம் ஊகம். இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டை அழித்துவிடும் ஆய்வுகள் பெருகிவருவதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். தாய்மொழிக்காரருக்கு இதெல்லாம் தெரியாதா, எதற்கு எந்திரம் என்று கேட்பார்கள். தெரியும், ஆனால் அவரவர் வீட்டுத் தமிழ் தெரியும். நோன்பு நோற்கும் வீட்டில் வளர்ந்த அகராதி ஆசிரியர் எவ்வளவு புலமை உடையவர் ஆனாலும் நோன்பு களாச் செய்வதை யோசித்து எழுத முடியாது, கேட்டுத்தான் எழுத முடியும். அதோடு நம் உள்ளுணர்வு பளிச்சென்று தெரிவதை முதலில் நீட்டும், அன்றாடம் வருவதைக் கவனிக்காமல் விடும். 'வாங்கு' என்ற வினைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் கடையில் ஏதோ வாங்குவதைச் சொல்வோம். மூச்சு வாங்குவது, அடி வாங்குவது, வேலை வாங்குவது, பெயர் வாங்குவது எல்லாம் நாம் நாள்தோறும் சொல்பவை, கேட்டவுடன் நினைவுக்கு வராதவை. ஒரு வாக்கியம் தமிழா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லத் தாய்மொழிக்காரர் வேண்டும். என்னென்ன வாக்கியங்கள் இருக்கின்றன என்று பட்டியல் போட அவர் ஒருவர் போதாது.

அடுத்த மறுப்பு கனமானது. பிழையான வழக்கும் பெருவாரியாக வந்துவிட்டால் தரவகம் அதைச் சரி என்றுதானே சொல்லும், அப்படியானால் தமிழ் என்னாவது என்பது அது. 'குளியல் எடுத்தார்' என்று மொழிபெயர்ப்புக் கதைகளில் எழுதுகிறார்கள், நாளை அது எண்ணிக்கையில் ஏறிவிடாதா? ஏறலாம். ஆனால் அது எங்கே வருகிறது என்பதையும் தரவகமே காட்டும். மொழிபெயர்ப்பில் மட்டும் வந்து, நேரடியாகத் தமிழில் எழுதியவற்றில் வராத சேர்க்கையைக் கையும் களவுமாகப் பிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. அதே வேளையில் 'முடிவெடுத்தார்', 'நடவடிக்கை எடுத்தார்' என்பவை எல்லாத் தரப்பு எழுத்திலும் பரவி வேர்விட்டிருப்பதையும் அது காட்டும். அவற்றையும் களைய வேண்டும் என்று இன்று ஒருவர் சொன்னால், அவருடைய அறிக்கையிலேயே அந்தச் சொற்கள் இருக்க வாய்ப்புண்டு. வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்று தொல்காப்பியம் வகுத்ததை இதற்கு எதிராகச் சொல்வார்கள். அந்த விதியும் வழக்கைத்தான் அடிப்படையாக வைக்கிறது, யாருடைய வழக்கு என்பதில்தான் கட்டுப்பாடு. நம் காலத்தில் உயர்ந்தோர் யார் என்பதை ஒரு வகுப்பார் மட்டும் முடிவு செய்ய முடியாது என்பதால், எல்லோருடைய வழக்கையும் தனித்தனிப் பெயரிட்டுத் தொகுத்து வைப்பதே நேர்மை. எதைப் பரிந்துரைப்பது என்ற முடிவு அதற்குப் பின்னால் வரட்டும்.

இப்போது புதிதாக ஒரு மறுப்பு வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு நிரல்கள் தாமே தமிழ் எழுதுகின்றன, இனி எதற்குச் சொற்சேர்க்கை ஆய்வு என்பது. அந்த நிரல்கள் கற்றதும் எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எது வரும் என்ற இதே பாடத்தைத்தான், மிகப் பெரிய அளவில். அவை தின்ற தீனியில் பேகம்பூரின் தமிழ் எத்தனை பிடி இருந்தது என்பதே கேள்வி. இணையத்தில் அதிகம் கிடைப்பது செய்தித் தமிழ். அங்கே பூட்டு உடைபடும், தோலின் பக்கத்தில் கழிவுநீர் ஓடும், நோன்பு திறப்பு என்றால் அரசியல் தலைவர்கள் பங்கேற்ற நிகழ்ச்சி என்று ஆகும். நிரல் சொல்வது சரியா என்று சோதிக்க, யார் எழுதியது, எப்போது எழுதியது என்ற குறிப்போடு கூடிய சிறிய, சுத்தமான தரவகம் முன்னைவிட இப்போது அதிகம் தேவைப்படுகிறது.

அப்படி ஒன்றை இந்த வட்டாரத்திலேயே தொடங்கலாம். 1956இல் தொடங்கிய காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் கூப்பிடு தூரத்தில் சின்னாளப்பட்டிப் பக்கம் இருக்கிறது, மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. ஜமாஅத் அறிவிப்புகள், திருமண அழைப்பிதழ்கள், பங்குக் கோயில் சுற்றறிக்கைகள், கூட்டுறவுச் சங்கத் தீர்மானங்கள், கடைக் கணக்குகள், முஸ்லிம் முரசு, சமரசம் போன்ற இதழ்கள் எல்லாம் அச்சிலோ கையெழுத்திலோ கிடைப்பவை. உரியவர்களிடம் ஒப்புதல் வாங்கி, தனிமனிதர் பெயர்களை நீக்கி, ஒவ்வொரு தாளின் தலையிலும் இடம், ஆண்டு, வகை மூன்றையும் எழுதித் தட்டச்சு செய்தால் போதும். கடினமான வேலை பேச்சைப் பதிவதுதான். பூட்டுப் பட்டறையில் 'சாவி போடு' என்றால் புதிய சாவி செய்வது. வீட்டில் 'சாவி போடு' என்றால் துவாரத்தில் நுழைப்பது. பழைய கடிகாரத்துக்கோ சாவி கொடுக்க வேண்டும். காவல்துறைச் செய்தியில் அதே சாவி கள்ளச்சாவி ஆகி, பட்டறையில் அதைச் செய்தவர் வாயில் டூப்ளிகேட் சாவியாகவே இருக்கிறது. இவற்றில் அச்சில் அதிகம் கிடைப்பது கள்ளச்சாவி ஒன்றுதான். மற்றவற்றைப் பட்டறைக்கும் வீட்டுக்கும் போய்க் காதால் கேட்டு, சொன்னது சொன்னபடி, சொன்னவர் தொழிலையும் வயதையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு வர வேண்டும்.